டாம்கேட்டில் சிஸ்டம் லாகர் லாக்பேக் பக்கம் வரவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக இதிலேயே சிக்கிக் கிடக்கிறேன்.

ஜாவா 9-இல் (2017) வந்த 'சிஸ்டம்.கெட்லாகர்' வழியாக எங்கள் நிரல் நூலகம் பதிவு (லாக்) எழுதுகிறது. அதை லாக்பேக் என்ற பதிவுக் கருவிக்குத் திருப்ப, எஸ்எல்எஃப்4ஜே-யின் (பதிவுக் கருவிகளுக்கான பொது இடைமுகம்) பிளாட்ஃபார்ம் லாகிங் ஜாரை (ஜாவா நிரல் தொகுப்புக் கோப்பு) சேர்த்தேன். கமாண்ட் லைனில் ஓட்டினால் அருமையாக வேலை செய்கிறது. அதையே வார் ஃபைலாக்கி (வலைச் செயலித் தொகுப்பு) டாம்கேட் என்ற ஜாவா வலை சர்வரில் போட்டால், எல்லாம் ஜாவாவின் பழைய 'யூட்டில் லாகிங்' பக்கம் போய்விடுகிறது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

நான் புரிந்துகொண்டது: ஜேடிகே (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பு), பதிவுகளை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று சொல்லும் 'லாகர்ஃபைண்டர்' என்ற சேவையை சர்வீஸ்லோடர் (சேவைகளைத் தேடித் தரும் ஜாவா வசதி) மூலம் தேடுகிறது. ஆனால் ஜாவா துவங்கும்போதே நிரல்களை ஏற்றும் சிஸ்டம் கிளாஸ்லோடரில் மட்டும். என் ஜார் வெப்-இன்ஃப் லிப்பில் (வார் ஃபைலுக்குள் ஜார்கள் இருக்கும் ஃபோல்டர்) இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. எதுவும் கிடைக்காவிட்டால் யூட்டில் லாகிங்; அந்த மாட்யூலும் இல்லையென்றால் நேராகக் கன்சோல்.

ஜாரை டாம்கேட்டின் துவக்கக் கிளாஸ்பாத்துக்கு (டாம்கேட் துவங்கும்போது ஜார்களைத் தேடும் இடம்) நகர்த்தலாமா? அதே சர்வரில் வேறு இரண்டு செயலிகளும் ஓடுகின்றன, அவற்றின் பதிவுகள் கலந்துவிடுமோ என்று பயம். இல்லை, யூட்டில் லாகிங் பதிவுகளை எஸ்எல்எஃப்4ஜே-க்குத் திருப்பும் 'ஜூல்-டு-எஸ்எல்எஃப்4ஜே' பாலமே போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.