கேரவன் வாங்குமுன் கட்டுநர்களை ஒப்பிட்டபோது நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

மாதவரம் வாசி

டிராவலர் வேனின் சேசிஸில் (இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தில்) கட்டப்பட்ட இரண்டு கேரவன்களுக்கு, அதாவது வீட்டு வசதியுள்ள வண்டிகளுக்கு, இடையே முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். விலை, படுக்கை அமைப்பு, உள்ளலங்காரம் ஆகியவற்றை இங்குள்ளவர்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சென்னை மணலியில் நடந்த ஒன்றுதான் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. ஒரு கட்டுநர் ஓட்டிப் பார்ப்பதற்காகத் தம் மாதிரி வண்டியை அனுப்பியிருந்தார். கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் எடை மேடை ஒன்று வழியிலேயே இருந்ததால், கட்டணத்தை நானே தருகிறேன், ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்றேன். விற்பனைப் பிரதிநிதி தயங்காமல் சம்மதித்தார். ஆனால் ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் இறங்கி, வண்டிக்கு அடியில் குனிந்து, தண்ணீர்த் தொட்டியின் வடிகுழாயைத் திறக்கத் தொடங்கினார்.

"ஏன் தம்பி தண்ணீரைக் கொட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். "தண்ணீரோடு ஏற்றினால் பின் ஆக்ஸில் தாண்டிவிடும் சார்" என்றார். அந்தப் பையன் என்னிடம் எதையும் மறைக்க நினைக்கவில்லை; தினமும் செய்கிற வேலையைச் செய்வதுபோலச் செய்தார். அதுதான் என்னை உறுத்துகிறது. வண்டியில் தண்ணீர் நிரப்பினால் சேசிஸ் நிறுவனம் தகட்டில் பொறித்திருக்கும் பின் அச்சு வரம்பு மீறப்படும் என்பது அந்த நிறுவனத்தில் ஓட்டுநர் வரை தெரிந்திருக்கிறது, வாங்க வருகிறவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது. வடிகுழாயை மூடச் சொல்லி, மீதமிருந்த தண்ணீரோடு ஏற்றினோம். பெட்டி படுக்கை எதுவும் இல்லாமலேயே வரம்பு தாண்டியிருந்தது. 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் 200 கிலோ. அதன்மேல் நான்கு பேர், அரிசி பருப்பு, துணிமணி, எரிவாயு உருளை என்று ஏற்றினால் டயரும் பிரேக்கும் எதைத் தாங்கும்? மற்றொரு கட்டுநரிடம், தொட்டி நிரம்பிய நிலையில் இரு அச்சுகளின் எடையையும் எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன். வேறு யாரேனும் இவ்வாறு கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

ராயபுரம் சகோதரி

அண்ணா, நான் எடையைப் பற்றி யோசித்ததே இல்லை. என்னை வாட்டியது மழை. வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டொரு நாள் நன்றாகப் பெய்த பிறகுதான் வண்டியைப் பார்க்கப் போக வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாக இருந்தார். போனோம். படுக்கைக்கு மேலுள்ள அலமாரியைத் திறந்து, உள்மூலையில் விரலை அழுத்தினேன். ஊறிய பிஸ்கட்டில் அழுந்துவதுபோல் பிளைவுட்டில் விரல் அழுந்தியது. பக்கத்தில் நின்ற மேலாளர் மெத்தையின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தம் கைக்குட்டையை எடுத்து அந்த மூலையைத் துடைத்தார். பேச்சு ஒரு சொல்கூடத் தடைபடவில்லை. கேட்டதற்கு, ஏசியிலிருந்து வியர்த்த நீர் என்றார். ஏசி அன்று போடப்படவே இல்லை.

கூரையில் ஏசிக்காகவும் காற்றுப்போக்கிக்காகவும் வெட்டப்படும் துளைகளைச் சுற்றித்தான் பெரும்பாலும் ஒழுகத் தொடங்கும் என்று பின்னர் அறிந்துகொண்டேன். துளையின் ஓரத்தை அடைக்கும் சீலன்ட் பசை வெயிலில் சுருங்கி, வண்டியின் அதிர்வில் ஓரம் விட்டுப்போனால் நீர் சுவருக்குள்ளேயே இறங்கி, வெளியே தெரிவதற்குள் உள்ளே மரம் இற்றுவிடுகிறது. ஆகவே கோடைக்காலத்தில் பார்த்து வாங்குகிறவர்கள், கூரைமேல் குழாயைப் பிடித்து அரை மணி நேரம் நீர் பாய்ச்சிக் காட்டும்படி கேளுங்கள், மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

வியாசர்பாடி பட்டறை

மாதவரம் வாசி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் செய்த சோதனையை நான் அப்படியே ஏற்க மாட்டேன். பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடுக்கும் அளவு, மேடைக்கு முன்னும் பின்னும் தரை ஒரே மட்டத்தில் இருந்தால்தான் சரியாக வரும். சற்றே சரிவிருந்தாலும் எடை ஓர் அச்சிலிருந்து மற்றதற்கு மாறிவிடும். முன் அச்சு, பின் அச்சு, முழு வண்டி என்று மூன்று எடைச் சீட்டுகள் எடுத்து, கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று பார்க்காமல் ஒரு கட்டுநரைக் குறை கூறுவது நியாயமாகாது.

நான் வண்டிகளுக்குப் பாடி (மேற்கூடு) கட்டும் தொழிலில் இருப்பவன். எடை, மழை இவற்றுக்கெல்லாம் முன்னால் காகிதத்தைப் பாருங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் தம் பயணிகள் வேனை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கொடுத்திருந்தார்கள், ஆர்.சி.யில் பழையபடி இருக்கைகளே இருந்தன. தகுதிச் சான்றுக்குப் போன இடத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, "இருக்கைகளைத் திரும்பப் பொருத்திக் கொடுங்கள், மற்றதையெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மனைவியைக் காசிக்கு அழைத்துப் போவதற்காகக் கட்டிய வண்டி அது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகக் கூறியது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ் 124 என்னும் தரநிலை இருக்கிறது. புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட வாகனச் சோதனை நிலையங்கள் ஒப்புதல் சோதனைகளைச் செய்கின்றன. நமக்கு அருகே ஒரகடத்திலும் ஜி.ஏ.ஆர்.சி. என்னும் அத்தகைய நிலையம் உள்ளது. எந்தக் கட்டுநரிடம் போனாலும், தாங்கள் வாங்கப்போகும் அதே சேசிஸ் மாடலுக்கு அவர் பெற்ற ஒப்புதல் சான்றின் நகலைக் கேளுங்கள். "எங்களிடம் எல்லாம் இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. ஆர்.சி.யில் வண்டியின் வகை என்னவென்று பதிவாகும், காப்பீட்டுப் பத்திரத்திலும் அதே வகை வருமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுபட்டால் விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகிவிடும்.

மற்றொன்று, சுவர்ப்பலகை மூடுவதற்கு முன் இரும்புச் சட்டத்தை நேரில் போய்ப் பாருங்கள். கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுகிறவர்கள் அந்த நிலையில் வாடிக்கையாளரை அழைத்துக் காட்டுவது வழக்கம். கேரவன் கட்டுகிறவர் காட்ட மறுப்பதற்குக் காரணமே இல்லை. பற்றவைத்த இடங்களில் துரு தடுக்கும் பூச்சு இருக்கிறதா, மின்கம்பிகள் குழாய்க்குள் செல்கின்றனவா, அல்லது சட்டத்தின் கூர்முனையில் உராய்கின்றனவா என்பதை அன்றைக்கு மட்டுமே பார்க்க முடியும். எரிவாயு உருளை வைக்கும் பெட்டி வண்டியின் உட்புறத்திலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டு, அதன் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே சன்னல் வைத்துவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாதவரம் வாசி

பட்டறை ஐயா, காகிதம் பற்றிக் கூறியவை அனைத்தும் எனக்குப் பயன்படும், நன்றி. ஆனால் மூன்று சீட்டுகளையும் அன்றே எடுத்தேன். முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்த தொகை முழு வண்டியின் எடையோடு பொருந்தியது. மேடையின் இருபுறமும் தரை மட்டமாகவே இருந்தது. ஆகவே நியாயமின்றிக் குறை கூறினேன் என்பதை ஏற்க இயலாது.

பெரம்பூர் லோகோ

இவ்வளவு சோதனை செய்யும் நேரத்தில், பெரிய ஆலை வைத்திருப்பவர்களிடம் போய்விடலாமே என்பதுதான் என் கருத்து. பஞ்சாப் பக்கத்து ஜேசிபிஎல், மத்தியப் பிரதேசத்துப் பிதம்பூரில் ஆலை உள்ள பின்னக்கிள் போன்றவை பேருந்து உடல்களும் இருக்கைகளும் செய்து பழகிய நிறுவனங்கள். ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி நிறுவனத்தோடு மஹிந்திரா 2022இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, பொலிரோ கேம்பர் வண்டியில் வீடு கட்டும் திட்டத்தை அறிவித்தது. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு முறைமை இருக்கும்.

நான் சிறு கட்டுநர்மேல் நம்பிக்கை இழந்த கணம் இது. "பேட்டரியிலேயே இரவு முழுவதும் ஏசி ஓடும்" என்று அவர் சொன்னார். பேட்டரி 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி. பெருக்கினால் 2,560 வாட் மணி. ஒரு டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் இழப்பைக் கழிக்காமலேயே இரண்டரை மணி நேரம்தான் வருகிறது. அவருடைய விலைப்பட்டியலின் பின்புறத்திலேயே இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லோரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை சார்" என்றார். அந்தப் பதிலை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

தண்டையார்பேட்டை மகன்

நான் வாங்கிவிட்டேன், ஆகவே சர்வீஸ் பற்றிச் சொல்கிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போகும் வழியில், திண்டிவனத்துக்குச் சற்று முன்பு குளிர்பெட்டி நின்றுவிட்டது. அதற்குள் அம்மாவின் இன்சுலின் இருந்தது. சேசிஸ் நிறுவனத்தின் உதவி எண்ணில், இன்ஜினும் சக்கரமும்தான் தங்கள் பொறுப்பு என்றார்கள். கட்டுநர், குளிர்பெட்டி நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார். குளிர்பெட்டி நிறுவனம், மின்சாரம் சரியாக வருகிறதா என்று கட்டுநரைக் கேளுங்கள் என்றது. நான் சாலையோரம் நின்று இவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தபோது, அம்மா எதிரிலிருந்த மீன் கடையில் பனிக்கட்டி வாங்கி வந்து, உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் பனிக்கட்டிமேல் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் மருந்தை வைத்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "விடுப்பா, இது ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான்கு படுக்கையும் குளியலறையும் உள்ள வண்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளிதான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

திண்டிவனத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரி முனையில் 13 வோல்ட் இருந்தது. குளிர்பெட்டி முனையில், கம்ப்ரசர் தொடங்கும் கணத்தில் 11-க்குக் கீழே இறங்கியது. பின்கட்டிலிருக்கும் பேட்டரியிலிருந்து முன்பக்கம்வரை அவ்வளவு நீளத்துக்கு மெல்லிய கம்பியை இழுத்திருந்தார்கள். மின்னழுத்தம் குறைந்ததும் குளிர்பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. குளிர்பெட்டியும் நல்லது, பேட்டரியும் நல்லது, சேசிஸும் நல்லது. இவற்றை இணைத்தவரின் வேலைதான் மோசம், அந்த வேலைக்குத்தான் எவரும் பொறுப்பேற்கவில்லை.

கொளத்தூர்

பெரம்பூர் அண்ணனோடு நான் உடன்படவில்லை. பெரிய பெயர் இருந்தால் சர்வீஸ் கிடைக்கும் என்பதற்கு எதிராக என் அக்காவின் அனுபவமே இருக்கிறது. அவர் அமெரிக்காவில், டெக்சாஸில் வசிக்கிறார். இரண்டு பிராண்டுகளைப் பல மாதங்கள் ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் இரண்டும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை என்று அறிந்தார். அங்கே ஏர்ஸ்ட்ரீம், ஜேகோ இரண்டும் தோர் குழுமத்தின் கையில் இருக்கின்றன. ஜேகோவை அக்குழுமம் 2016இல் வாங்கியது. ஜெர்மனியின் ஹைமர் குழுமத்தையும் 2019இல் வாங்கிவிட்டது. உள்ளே இருக்கும் குளிர்பெட்டி, அடுப்பு, கழிப்பறைத் தொட்டி ஆகியவை டோமெட்டிக், தெட்ஃபோர்டு போன்ற ஒருசில நிறுவனங்களிடமிருந்தே பெரும்பாலான பிராண்டுகளுக்கும் போகின்றன. அக்காவின் வண்டியில் படிக்கட்டு மோட்டார் பழுதானபோது, வாங்கிய விற்பனை நிலையம் வாரண்டிப் பழுதுக்குக் கோடை முடியும்வரை நேரம் ஒதுக்கவில்லை. என் அத்தான் ஒரு மர முக்காலியை வாசற்படியாகப் போட்டுக்கொண்டு விடுமுறைப் பயணத்தை முடித்தார்.

ஆகவே பெயரை விடுத்து, எவ்வளவு தூரத்தில் யார் வந்து பழுதுபார்ப்பார் என்று கேளுங்கள். சென்னையில் படப்பிடிப்புக் கேரவன்கள் நாள்தோறும் ஓடுகின்றன. படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போய், அங்கு நிற்கும் ஓட்டுநர்களிடம் பேசிப் பாருங்கள். எந்தக் கட்டுநரின் தண்ணீர் மோட்டார் எத்தனை மாதம் தாங்குகிறது, கூப்பிட்டால் ஆள் அனுப்புகிறவர் யார் என்பதை அவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் என் பட்டியலிலிருந்து இருவரை நீக்கினேன்.

எண்ணூர் காற்று

கடலோரத்தில் நிறுத்துகிறவர்கள் அடிப்பாகத்தைப் பார்க்க மறவாதீர்கள். ஒரு காட்சி வண்டியில் கழிவுநீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புப் பட்டையைத் தொட்டதும் துரு செதிலாக என் உள்ளங்கையில் உதிர்ந்தது. வண்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. துருப்பிடிக்காத எஃகுப் பட்டைக்கு ஆகும் கூடுதல் செலவு, அந்த வண்டியின் விலையில் ஒரு பொருட்டே அல்ல.

தண்டையார்பேட்டைத் தம்பி, கம்பியை யார் மாற்றிக் கொடுத்தார்கள்? கட்டுநர் பணம் கொடுத்தாரா?

தண்டையார்பேட்டை மகன்

அண்ணா, திண்டிவனத்து எலக்ட்ரீஷியனே தடித்த கம்பி போட்டு, பேட்டரிக்கு அருகில் ஃபியூஸும் பொருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த ரசீதையும், மீட்டர் காட்டிய அளவுகளின் படங்களையும் கட்டுநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வெளி ஆள் கை வைத்ததால் மின் இணைப்புகளுக்கான வாரண்டி ரத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க ஆவணங்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அதே கட்டுநரிடம் வாங்கியவர்கள் இங்கிருந்தால், உங்கள் வண்டியில் குளிர்பெட்டிக்குச் செல்லும் கம்பியின் பருமனைப் பார்த்துத் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.