பழைய ராயபுரம் வீடு: ரோட்டரி ஹேமர் வாங்கலாமா, உளியும் சுத்தியலும் போதுமா?

கல்மண்டபம்காரன்

வணக்கம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. முன்பகுதி தாத்தா காலத்தது. செங்கல், சுண்ணாம்புச் சுவர், மேலே தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய வகைத் தளம். பின்பக்கம் சமையலறையும் குளியலறையும் அப்பா 1986-ல் கான்கிரீட் தளம் போட்டுக் கட்டியது.

இப்போது மூன்று வேலை நிற்கிறது. முன் அறைகளில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங்கை எடுத்துவிட்டுச் சுவருக்குள் பைப் பதிக்க வேண்டும். சமையலறை டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். குளியலறையின் மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை விழுகிறது, அதற்கும் வழி பார்க்க வேண்டும்.

கூலி கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தம்பியும் இடிக்கிற வேலையை முடித்துவிட்டு, பூச்சுக்கு மட்டும் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று எண்ணம். செம்புதாஸ் தெருவில் விசாரித்ததில் 26 மி.மீ., 800 வாட் ரோட்டரி ஹேமர் (கான்கிரீட்டைத் துளைக்கவும் உடைக்கவும் செய்யும் மெஷின்) 8,000 ரூபாய்க்குள் வருகிறது. கையில் ஏற்கெனவே 13 மி.மீ. டிரில் ஒன்று இருக்கிறது. கான்கிரீட்டில் வைத்தால் கத்துகிறதே தவிர இறங்க மாட்டேன் என்கிறது. வாங்கலாமா?

எண்ணூர் ஃபிட்டர்

தாராளமாக வாங்குங்கள் தம்பி. உங்கள் டிரில் கெட்டுப்போகவில்லை, அதன் வேலை அவ்வளவுதான். சுத்தியல் படம் போட்ட பக்கம் பொத்தானைத் தள்ளினால் உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். அடி எண்ணிக்கையில் அதிகம், ஒவ்வொரு அடியிலும் பலம் குறைவு. நம் கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் இறங்கும். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் இருக்கிறது. அது காற்றை அழுத்த, அந்தக் காற்று ஒரு இரும்புத் துண்டைத் தள்ளி, துளை போடும் பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கிறது. நீங்கள் சொல்கிற வகையில் ஒரு அடியின் சக்தி சுமார் 3 ஜூல். மெஷினை நேராகப் பிடித்துக்கொண்டால் போதும், உடம்பைக் கொடுத்து அமுக்க வேண்டாம்.

மூன்று மோட் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்: துளை மட்டும், துளையோடு அடி, அடி மட்டும். கடைசி மோட் இல்லாத மெஷினில் உளி போட முடியாது, டைல்ஸ் பெயர்க்க அதுதான் தேவை. அப்புறம், பழைய வயரிங் என்கிறீர்கள், எர்த் சரியாக இருக்குமா என்பது சந்தேகம். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. இருந்தாலும் மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை முதலில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேஸ்திரி மகன்

சமையலறைக்குச் சரி. முன்பகுதிச் சுவரில் அந்த மெஷினை வைக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் மேஸ்திரி. மெட்ராஸ் டெரஸில் கம்பி கிடையாது. கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்ன டெரஸ் செங்கல்லை நெட்டுக்குத்தாக, குறுக்குச்சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கி, கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். செங்கல்லும் காரையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதில்தான் அந்தத் தளத்தின் பலம். கட்டைகளின் முனை உட்கார்ந்திருப்பதோ சுவருக்குள். சுவர் அதிர்ந்தால் அதிர்ச்சி நேராக மேலே போகும்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. சுவிட்ச் பெட்டி வைக்க ஒரு சாண் குழி. எலக்ட்ரீஷியன் பையன் மெஷின் உளியை வைத்து ஒரு நிமிடம்கூட ஓட்டியிருக்க மாட்டான். மூன்று செங்கல் முழுசாகக் கழன்று அவன் காலடியில் விழுந்தன. அதோடு போகவில்லை. சுவரின் மறுபக்கம் பூஜை அறை, அங்கே கதவளவுக்குப் பூச்சு அப்படியே உப்பிக்கொண்டு நின்றது. கை வைத்ததும் சரிந்தது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு, அந்தச் சுவரைக் கீழிருந்து கட்டித் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். ஒரு சுவிட்ச் பெட்டிக்காக.

எண்ணூர் ஃபிட்டர்

வருத்தமான விஷயம்தான். ஆனால் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ சுத்தியலை ஓங்கி, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடித்தால் அந்த அடி 12.5 ஜூல். மெஷின் அடியைப் போல நாலு மடங்கு. கை உளி மென்மை, மெஷின் முரடு என்பது பொதுவாகச் சொல்லிவருவது, அளந்து சொன்னதில்லை. அந்தப் பையன் எங்கே நிறுத்துவது என்று தெரியாதவன். குற்றம் மெஷினுடையது இல்லை.

மேஸ்திரி மகன்

அண்ணா, கணக்கு சரி. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் யாரும் ஒரு கிலோ சுத்தியலை ஓங்கி அடிப்பதில்லை. அரைக் கிலோவுக்கும் குறைந்த சுத்தியல், மணிக்கட்டில் தட்டு. மெஷினோ நிமிடத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல் அடிக்கிறது. கையால் அடிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு இருக்கிறது. அந்த நேரத்தில்தான் சத்தம் காதில் விழும். கணீர் என்றால் செங்கல் பிடித்திருக்கிறது, தொப் என்றால் உள்ளே காலி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வார். மெஷின் ஓடும்போது இந்தச் சத்தம் கேட்க வழியே இல்லை.

பைப் பதித்தே தீர வேண்டும் என்றால் சலவைக்கல் வெட்டும் 4 அங்குல கட்டரால் இரண்டு கோடு இழுங்கள், பூச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆழம் போதும். நடுவில் இருப்பதை அகல உளியால் சாய்த்து நெம்பி எடுங்கள். கோடு போட்டுவிட்டால் பெயர்ப்பு அதைத் தாண்டிப் போகாது. குறுக்குக் கோடு நீளமாக வேண்டாம், மேலிருந்து கீழாக மட்டும். மூடும்போது சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புக் கலவைதான். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகும், வாரக்கணக்கில் ஆகும். அவசரத்துக்குச் சிமென்ட் அப்பினால் சுவரில் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். இரண்டு மழைக்குள் உப்பு பூத்து, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

பெரம்பூர் அக்கா

இரண்டு பேரும் எதால் வெட்டுவது என்று பேசுகிறீர்கள். நான் ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்கிறேன். முன் அறைகளில் பி.வி.சி. பைப்பைச் சுவருக்கு மேலேயே கிளிப் போட்டு நேராக ஓட்டினால் என்ன குறை? தாத்தா காலத்து வயரிங்கும் வெளியேதானே இருந்தது. நாளைக்கு ஒரு வயர் போனால் சுவரைத் தோண்டாமல் மாற்றலாம்.

இன்னொன்று. அந்தப் பக்கத்துச் சந்துகளில் எத்தனையோ வீடுகள் பொதுச்சுவர். தம்பி, உங்கள் சுவருக்கு மறுபக்கம் யார் தூங்குகிறார்கள் என்று யோசித்தீர்களா? எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வாரம் மெஷின் ஓடியது. என் மாமியார் படுக்கைக்கு மேலே கூரையோரம் முடி அளவு விரிசல். இன்றைக்கும் அந்த விரிசலைப் பார்க்காமல் அவர் படுப்பதில்லை.

மெஷின் கட்டாயம் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள். நாங்கள் ஒரு நாளைக்கு 400 ரூபாய்க்கு எடுத்தோம், டைல்ஸ் வேலை இரண்டே நாள். சொந்தமாக வாங்கியதன் கதையையும் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு இருந்த டிரில்லும் கிரைண்டரும் மூன்று நாள் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் கிடந்தன. இரண்டுமே பிழைக்கவில்லை. அதற்கப்புறம் நான் ஒரு மெஷினும் வாங்கவில்லை.

எண்ணூர் ஃபிட்டர்

பரணில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும் அக்கா. கடலோரத்தில் தண்ணீர் வராவிட்டாலும் உப்புக் காற்றே இரும்பைத் தின்னும். வேலை முடிந்ததும் பிட் மாட்டும் தலையைத் துடைத்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு வைக்க வேண்டும். வாடகை மெஷினுக்கு அந்தக் கவனிப்பை யார் தருகிறார்கள்? நான் எடுத்ததில் பாதிக்கு கிரீஸ் வற்றியிருக்கும், கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி பறக்கும். மூன்று வேலையையும் ஞாயிறு ஞாயிறாகச் செய்கிறவர் எத்தனை நாள் வாடகை கட்டுவார்?

வயரிங்கை வெளியே ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது நல்ல யோசனை.

திருவொற்றியூர் சிவில்

குளியலறைத் தளத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். உயிருக்கு ஆபத்து அங்கேதான். கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் கான்கிரீட்டை வெடித்துத் தள்ளுகிறது. இதில் மெஷினா உளியா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கீழே முட்டு கொடுங்கள். சவுக்குக் கம்பம் போதாது, ஜாக்கி (திருகி உயர்த்தும் இரும்பு முட்டு) வைத்து மேலே பலகை போட்டு இறுக்க வேண்டும். அப்புறம் சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டி, தொப் என்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டம் தளத்தில் பாதிக்கு மேல் வந்தாலோ, கம்பி பென்சில் அளவுக்கு இளைத்திருந்தாலோ நீங்கள் கை வைக்கவே கூடாது. ஒரு கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்தாக வேண்டும்.

அங்கங்கே மட்டும்தான் என்றால், உதிர்வதை எடுத்து, கம்பியின் பின்பக்கம்வரை திறந்து, ஒயர் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவை வைக்க வேண்டும். துருவின் மேலேயே சிமென்ட் பூசிச் சுண்ணாம்படித்து விடுவதுதான் நம் பக்கம் வழக்கம். அது இரண்டு வருடத்தில் கனமான துண்டாகக் கீழே வரும்.

கல்மண்டபம்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முன் அறையில் காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் ஒரு அடி சதுரத்துக்குப் பூச்சை மட்டும் பெயர்த்துப் பார்த்தேன். பழைய வயரிங்குக்கு அடித்த மர முளை ஒன்று உள்ளே அசையாமல் இருந்தது, அதைச் சுற்றிக் காரை கல் மாதிரி. ஆனால் முழங்கால் உயரத்துக்குக் கீழே இன்னொரு இடத்தில் சுரண்டினால் காரை நகத்தோடு மாவாக வருகிறது, கையில் ஈரம் பிசுபிசுக்கிறது, நாக்கில் வைத்தால் உப்பு. ஒரே சுவர்தான். மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. இதில் மெஷினை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பியும் நானும் ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதனால் முன் அறைகளில் பைப் வெளியேதான். கிளிப் துளைக்கு என் பழைய டிரில் போதும், அதுவும் அடி இல்லாமல் சுற்று மட்டும். சமையலறைக்கு மெஷினை இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கிறேன். ஃபிட்டர் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். மிச்சமாகும் பணம் ஜாக்கிக்கும் பொறியாளருக்கும். கீழ்ப் பூச்சைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எண்ணூர் ஃபிட்டர்

கோபம் இல்லை. ஆனால் வாங்குவதுதான் சரி என்று இன்னமும் சொல்வேன். வாடகைக்கு எடுக்கும்போது கடையிலேயே ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பிரஷ் பக்கம் நீலப் பொறி நிறைய வந்தால் வேறு மெஷின் கேளுங்கள். கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் இல்லாமல் டைல்ஸில் கை வைக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது.

மேஸ்திரி மகன்

கீழ்ப் பூச்சை நான் வந்து பார்க்கிறேன். மாவாகிவிட்ட காரையை விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, சில வாரம் திறந்தே விட்டுச் சுவரை மூச்சுவிட வைக்க வேண்டும். அப்புறம்தான் சுண்ணாம்பு. அதில் கலக்கிற கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் எந்த அளவு என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். அவருக்கு மாடி ஏற முடியாது, உங்கள் முன் அறை தரைத்தளம்தானே, ஆட்டோவில் கூட்டி வர முடிந்தால் அவரே தட்டிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அகல உளி என்னிடம் இருக்கிறது. தண்ணீர் தெளிக்க ஒரு பூவாளி மட்டும் எடுத்து வையுங்கள்.