பிள்ளைக்குத் தோள்துண்டு தைத்த அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

என் மகளுக்கு மார்கழியில் பிள்ளை கிடைத்தது. மட்டக்களப்பில் மார்கழி மழை எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளை பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பொதிகளில், பால் கொடுத்தபின் பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏவறை விடச் செய்யும்போது விரித்துக்கொள்ளும் துண்டுகளும் சில இருந்தன. மேலே படம் அச்சிட்ட துணி, நடுவே பஞ்சு, அடியில் டவல் துணி என்று மூன்று படைகளாகத் தைக்கப்பட்டிருந்த அவை பார்வைக்கு மிக அழகானவை. ஆனால் தோய்த்து விறாந்தைக் கொடியில் போட்டால் மறுநாளும் அவற்றின் உட்படை காயவில்லை. கைக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும், மூக்கருகே கொண்டுபோனால் புளித்த பால் மணத்தது.

ஆகவே நானே தைக்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் கட்டிப் பழகிய பருத்தி வேட்டிகள் அலுமாரியில் இருந்தன. பல வருடங்கள் தோய்த்துத் தோய்த்து மென்மையான அந்தத் துணியைப் போலப் பாலை உறிஞ்சும் துணியை எந்தக் கடையிலும் நான் காணவில்லை. பொலியெஸ்டர் கலந்த துணியில் பால் உள்ளே இறங்காமல் மேலாக வழிந்து பிள்ளையின் கழுத்துக்கே திரும்பிவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன். 12 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் கொண்ட இரண்டு துண்டுகளை, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, அரை அங்குலம் உள்ளே தள்ளிச் சுற்றித் தைத்தேன். ஓரிடத்தில் மட்டும் மூன்று அங்குலம் திறந்து விட வேண்டும். மூலைகளில் மிஞ்சும் துணியைத் தையலை வெட்டிவிடாமல் குறுக்காக நறுக்கி, அந்தத் திறப்பின் வழியே துண்டைப் புரட்டியெடுத்து, மழுங்கிய பென்சிலால் மூலைகளை உள்ளிருந்து தள்ளினால் அவை கூராக நிற்கும். பிறகு அழுத்திவிட்டு, ஓரத்தை ஒட்டி மேலாக ஒரு தையல் ஓட்டினால் திறப்பும் அதிலேயே மூடிக்கொள்ளும். நடுவே பஞ்சும் வேண்டாம், டவலும் வேண்டாம். நம் ஊர் மழைக்கு இரண்டு படைகளுக்கு மேற்பட்டது எதுவும் சரிவராது என்பதே என் முடிவு.

மருதமுனையிலிருந்து:

சகோதரி பழைய வேட்டியைச் சொல்கிறார். எங்கள் வீட்டில் கைத்தறி இருந்ததால் எனக்குக் கிடைத்தவையெல்லாம் புதுத் துணியின் வெட்டுத்துண்டுகள். தறியில் ஏற்றுவதற்கு முன், நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், இல்லாவிட்டால் நெய்யும்போது நூல் அறுந்துகொண்டேயிருக்கும். அந்தக் கஞ்சி துணியில் இருக்கும்வரை அது பாலை உறிஞ்சாது. புதுக் கைத்தறித் துணியை இரவு முழுவதும் வெறும் தண்ணீரில் ஊறவைத்துத் தோய்த்துக் காயவைத்து, பிறகு அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்க்கும்படி உம்மா சொல்லித் தந்தார். துளி முத்தாக உருண்டு நின்றால் இன்னும் தோய்க்க வேண்டும், விழுந்தவுடன் பரவி மறைந்தால் கத்தரிக்கோலை எடுக்கலாம். புதுத் துணி முதல் தோய்ப்பில் சுருங்குவதால், தைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது இன்னொரு வகையிலும் நல்லது. வெவ்வேறு விதமாகச் சுருங்கும் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தால் துண்டு கோணிக்கொண்டு, பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் நேராகாது. சாரத் துணியின் கடும் நிறங்கள் சாயம் விடக்கூடியவை என்பதால், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் அவற்றைப் பிள்ளைக்குப் பாவிப்பதில்லை.

தோய்க்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றுபவர்கள் அதை நிறுத்திவிடுவது நல்லது. அது நூலின்மேல் படலமாகப் படிந்து, கஞ்சி செய்த அதே வேலையைச் செய்யும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தையலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, என் மாமிதான் எல்லாவற்றையும் தைத்துத் தந்தார். ஒரு மூலையில் சிறிய லேஸும் மணியும் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்தார். கக்கினால் துடைப்பதற்காகக் கன்னத்தருகே செருகியிருந்த துண்டைத் தன் கையாலேயே எடுத்து மேசையில் வைத்தார். நித்திரையில் துணி முகத்தை மூடினால் அதை விலக்கும் பலம் பச்சைப்பிள்ளையின் கைக்கு இல்லை என்றும், மணி கழன்றால் வாய்க்குள் போகும் என்றும், தொங்கும் நூல் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே தடைப்படும் என்றும் அவர் விளக்கியபோது, மாமி ஒன்றும் பேசாமல் அடுத்த அறையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்து லேஸைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். பால் கொஞ்சம் கக்குவது சாதாரணம், ஒரு வயதாவதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும். ஆனால் பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, இரத்தம் தெரிந்தாலோ, பீறிட்டு அடித்தாலோ துண்டைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பதையும் அவர் அன்றுதான் சொன்னார்.

அக்கரைப்பற்றிலிருந்து:

கல்லடி அக்காவின் இரண்டு படையும் எனக்கு அதிகம்தான். ஒற்றைத் துணியின் ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்து, பாவிக்கும்போது நாலாக மடித்துத் தோளில் போட்டு, தோய்த்தபின் முழுதாக விரித்துக் காயவிடுகிறேன். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அது சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும், மாரியிலும் மின்விசிறியின் கீழ் ஓர் இரவு போதும். பால் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீரில் போட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

தங்கச்சி சொல்வது காய்வதற்குச் சரி. ஆனால் தைக்காமல் மடித்த துணி, பிள்ளையின் முதுகைத் தட்டத் தட்ட மடிப்புக் கலைந்து தோளிலிருந்து நழுவுகிறது. இரண்டையும் சேர்த்து இப்போது வேறு விதமாகத் தைக்கிறேன். 45 அங்குல அகலத் துணியில் இரண்டு யார் எடுத்து, நீளத்தை மூன்றாகவும் அகலத்தை இரண்டாகவும் வெட்டினால் 24 அங்குலத்துக்கு 22½ அங்குலமாக ஆறு துண்டுகள் கழிவில்லாமல் கிடைக்கும். நூல் பிரியாத நெய்த கரை இருக்கும் பக்கத்தை அப்படியே விட்டு, மற்ற ஓரங்களைக் கால் அங்குலமாக இருமுறை மடித்துத் தைத்தபின், துண்டை 24 அங்குலப் பக்கம் பாதியாகும்படி மடித்து, மடிப்பை ஒட்டி நேராக ஒரே ஒரு தையல் ஓட்ட வேண்டும். மற்ற மூன்று பக்கங்களும் திறந்தே இருப்பதால் புத்தகம் போல விரித்துக் கொடியில் போடலாம், காற்று இரண்டு படைகளுக்கும் தனித்தனியே படும். தையல் ஓட்டிய தடித்த ஓரம் நம் கழுத்துப் பக்கம் இருக்கட்டும், பிள்ளையின் கன்னம் மிருதுவான நடுப்பகுதியில் படும். களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியவர் சொன்னதைப் படித்தபின், தைத்து முடித்த துண்டுகள் அனைத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முடிச்சுக்கு வெளியே நீண்டிருந்த நூல்களை ஒட்ட வெட்டிவிட்டேன்.