‘மையவிலகு சுருக்கம்’ வேண்டாம், ‘நீள்வினை’ என்போம்

முழங்கைத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) வலிக்கான பயிற்சிகளை விளக்கும்போது, தசை விசை தந்தபடியே நீள்வதைக் குறிக்கும் ‘எக்சென்ட்ரிக்’ (eccentric) என்பதற்கு ‘மையவிலகு சுருக்கம்’ என்று எழுதும் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. பொதுமைய வட்டங்களை விளக்கும் வடிவியலில் மையம் பொருந்தும். தசையில் எந்த மையமும் விலகுவதில்லை.

பொழுதுபோக்காக மட்டை பிடித்து ஆடும் ஒருவர் இப்பயிற்சியைச் செய்வதைப் பாருங்கள். முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை தரையை நோக்க, மணிக்கட்டு விளிம்பைத் தாண்டியிருக்குமாறு ஒரு சிற்றெடையைப் பிடிக்கிறார். மற்றக் கையின் துணையால் மணிக்கட்டை உயர்த்தி, பின்பு அத்துணையை விலக்கி, மூன்று நான்கு நொடிகளில் எடையை மெல்ல இறக்குகிறார். அப்போது மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் விசையைக் கைவிடாமலே நீள்கின்றன. அந்த இழுவிசை தசைநாண் வழியாக முழங்கையின் வெளிப்புற எலும்புமுனையைச் சென்றடைகிறது. ‘சுருக்கம்’ என்று படித்தவர் எடையைத் தூக்குவதே பயிற்சி என்றெண்ணி, இறக்கும்போது கையைத் தொப்பென்று விட்டுவிட்டால், செய்யவேண்டிய பகுதியையே அவர் செய்யவில்லை.

‘நீளிறுக்கம்’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் தசை இறுக்கம் என்றாலே நம்மவர் பிடிப்பு என்று பொருள்கொள்வர். ‘இயக்கம்’ என்றால், மூட்டு அசையாமல் எடையைத் தாங்கிநிற்கும் பயிற்சிக்குப் பெயரிட முடியாது. ஆகவே தசை குறுகியபடி விசை தருவதற்குக் குறுகுவினை, நீண்டபடி தருவதற்கு நீள்வினை, மூட்டு அசையாமல் தருவதற்கு நிலைவினை என்னும் மூன்றையும் ஒரு தொகுதியாக முன்மொழிகிறேன். ஊறுகாய் போல ‘நீள்வினை’ வினைத்தொகையாக இயல்பாக அமைகிறது. ஆங்கிலத்திலும் ‘சுருக்கம்’ என்பதற்கு மாற்றாக ‘வினை’ என்னும் பொருள்தரும் சொல்லை உடலியங்கியலார் சிலர் வலியுறுத்தியுள்ளனர்.

இதனோடு ஒன்று: நாட்பட்ட முழங்கை வலியைத் ‘தசைநாண் அழற்சி’ என்பதையும் மாற்றவேண்டும். அந்நிலையில் அழற்சியைவிட, தசைநாணுக்கு வலுத்தரும் புரதமான கொலாஜன் இழைகளின் ஒழுங்கு குலைவதே மேலோங்கித் தெரிகிறது. அழற்சி என்று கேட்டவர் ஓய்வை மட்டுமே நாடுவார். ஓய்வு வலியைத் தணிக்கலாம், ஆனால் சுமைதாங்கும் திறனைப் படிப்படியாக ஏற்றப்படும் சுமைதான் மீட்டுத்தரும். ‘தசைநாண் நலிவு’ என்றால் வலுவூட்டவேண்டும் என்ற எண்ணம் சொல்லிலேயே பிறக்கிறது.

‘நிலைவினை’ மட்டும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. ‘தாங்குவினை’ இன்னும் தெளிவாக இருக்குமா என்று மற்றவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.