கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் டிஸ்ப்ளே போச்சு: பூட்டி வைக்கலாமா, கூடாதா?

கல்யாண கேமரா (வடபழனி)

சம்பாதித்துக் கொடுக்கிற மெஷினில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டைப் பூட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

விஷயம் இதுதான். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். உபுண்டு 24.04 லினக்ஸ், என்விடியா ஆர்.டி.எக்ஸ். கிராபிக்ஸ் கார்டு (ஜி.பி.யு.), எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ். அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். திரை 1024×768-ல் வந்து நின்றது, இரண்டாவது மானிட்டர் இருட்டு, ஜி.பி.யு.வே இல்லை என்கிறது ரிசால்வ். எஸ்கேப் கீயைத் தட்டி கிரப் மெனுவுக்குப் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆக, கார்டு பழுதில்லை, ரிசால்வும் பழுதில்லை. மாறியது கெர்னல் ஒன்றுதான். முகூர்த்த சீசனில் டெலிவரி தள்ளிப்போனால் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், கெர்னல் எழுதுகிறவர்கள் இல்லை.

ரோலிங்ராஜா (ஓ.எம்.ஆர்.)

அண்ணே, குற்றவாளியை விட்டுவிட்டு சாட்சியைப் பிடித்து உள்ளே போடுகிறீர்கள்.

நாம் ஓட்டும் மென்பொருள் கெர்னல் மாறினாலும் உடையக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ரொம்பக் கறார். ஆனால் கெர்னலுக்குள் டிரைவர்கள் (கார்டு மாதிரி வன்பொருளை ஓட்டும் மென்பொருள்) கூப்பிடும் ஃபங்ஷன்களுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. தெரிந்தேதான் தரவில்லை. ஏன் தரவில்லை என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய குறிப்பு கெர்னல் மூலத்தோடேயே (மூல நிரலோடேயே) வருகிறது. ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவர் அதைப் பயன்படுத்தும் டிரைவர்களையும் சேர்த்துத் திருத்தித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். கெர்னல் மூலத்துக்குள் இருக்கும் டிரைவருக்கு மட்டும்தான் அந்த யோகம். ஏ.எம்.டி.யின் இப்போதைய டிரைவர் 2015-ல் கெர்னல் 4.2-ல் உள்ளே வந்துவிட்டது. என்விடியாவுடையது இன்னும் வாசலுக்கு வெளியேதான். ஒவ்வொரு புது கெர்னலுக்கும் அதைத் திரும்பக் கட்ட (கம்பைல் செய்ய) வேண்டும். கட்டாமல் விட்டால் டிஸ்ப்ளே போகத்தான் செய்யும்.

பூட்டினால் என்ன ஆகும்? பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நின்றுபோகும். அடுத்த முறை ஏ.எம்.டி. வாங்குங்கள், கதை முடிந்தது.

ஜி.டி.எக்ஸ். தம்பி (குரோம்பேட்டை)

"ஏ.எம்.டி. வாங்குங்கள்" என்று சொல்வது ஓ.எம்.ஆர். சம்பளத்துக்கு சுலபம் தல. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் என்விடியா 1060 கார்டு வாங்கியவன். காலேஜ் ப்ராஜெக்டுக்கு கூடா (கார்டிலேயே கணக்குகளை ஓட்டும் மென்பொருள், CUDA) வேண்டும், அது என்விடியாவில் மட்டும்தான் ஓடும். என்னை மாதிரி ஆட்கள் எங்கே போவது?

லேப் வாத்தியார் (ஆவடி)

சண்டையைத் தொடருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் நோய் என்ன என்று பார்த்துவிடலாமா?

கேமரா சார், புது கெர்னலில் பூட் செய்து, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 தட்டி டெர்மினலுக்குப் போங்கள். 'யுநேம் -ஆர்' கொடுத்தால் ஓடுகிற கெர்னலின் எண் வரும். பிறகு 'டி.கே.எம்.எஸ். ஸ்டேட்டஸ்'. கெர்னலுக்கு வெளியே இருக்கும் மாட்யூல்களை (கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டுகளை) ஒவ்வொரு புது கெர்னலுக்கும் தானாகவே கட்டித் தருவது டி.கே.எம்.எஸ்.தான். அந்தப் பட்டியலில் என்விடியாவுக்கு நேராக உங்கள் கெர்னல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண் இல்லையென்றால் பெரும்பாலும் கட்டுவதற்குத் தேவையான ஹெடர் பேக்கேஜ் வரவில்லை, அல்லது கட்டும்போது உடைந்திருக்கிறது. உடைந்திருந்தால் காரணம் டி.கே.எம்.எஸ். அடைவில் 'மேக்.லாக்' கோப்பில் இருக்கும். எண் இருந்தும் மாட்யூல் ஏறவில்லை என்றால் நம்பகமான கையெழுத்து இல்லாததை ஏற விடாத செக்யூர் பூட் மேல் சந்தேகப்படலாம். மாட்யூலை ஏற்றும் 'மாட்ப்ரோப்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

முதல் கேள்வியாக இதைக் கேட்டிருக்க வேண்டும்: டிரைவரை யார் போட்டது, எப்படிப் போட்டார்கள்?

கல்யாண கேமரா

'டி.கே.எம்.எஸ். ஸ்டேட்டஸ்' கொடுத்தால் ஒரு வரிகூட வரவில்லை சார். மெஷினை அசெம்பிள் செய்த கடைப் பையன் என்விடியா தளத்திலிருந்து ஏதோ '.ரன்' கோப்பை இறக்கிப் போட்டதாக ஞாபகம்.

லேப் வாத்தியார்

கிடைத்துவிட்டது. '.ரன்' கோப்பு டிரைவரை அந்த நேரத்தில் ஓடுகிற கெர்னலுக்கு மட்டும் கட்டிவிட்டுப் போய்விடும். டி.கே.எம்.எஸ்.ஸில் பதியவா என்று அது கேட்கும்போது சரி என்று சொன்னால்தான் பதியும். பதியாமல் விட்டால் அடுத்த கெர்னலுக்கு மாட்யூலே இருக்காது. உபுண்டுவில் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஏ.பி.டி.க்கும் இப்படி ஒரு டிரைவர் இருப்பது தெரியாது. இதில் கெர்னலையும் குற்றம் சொல்ல முடியாது, என்விடியாவையும் சொல்ல முடியாது.

'என்விடியா-அன்இன்ஸ்டால்' கொடுத்து அதை முழுசாக நீக்குங்கள். பிறகு 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. இணையத்தில் பலர் சொல்கிற மாதிரி எடுத்த எடுப்பிலேயே என்விடியா என்று பெயர் வருகிற எல்லாவற்றையும் பர்ஜ் (ஏ.பி.டி. மூலம் அடியோடு நீக்குவது) செய்யாதீர்கள். '.ரன்' போட்டது ஏ.பி.டி.யின் கணக்கிலேயே இல்லாததால் பர்ஜ் அதைத் தொடாது.

ரோலிங்ராஜா

ஆக, பூட்ட வேண்டிய அவசியமே இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.

கல்யாண கேமரா

அவசரப்படாதே ராஜா. என் மெஷினில் காரணம் அது. டி.கே.எம்.எஸ். ஒழுங்காக இருப்பவர்களுக்கு எப்போதுமே உடையாதா?

லேப் வாத்தியார்

உடையும். உடைந்தும் இருக்கிறது. 2024 பிப்ரவரி 10 அன்று, உபுண்டுவுக்கே அடிப்படையான டெபியன் லினக்ஸின் 12.5 வந்தது. கூடவே வந்த 6.1.76 கெர்னலில் ஒரு சின்ன மாற்றம், புதுக் கெர்னலிலிருந்து பழைய, நிலையான (ஸ்டேபிள்) வரிசைக்கு இறக்கியது. அதன் விளைவாக, ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள மாட்யூல்களுக்கு மட்டும் திறந்திருக்கும் ஒரு ஃபங்ஷன், அப்போது டெபியனில் இருந்த என்விடியா 525 டிரைவருக்குள் மறைமுகமாக நுழைந்துவிட்டது. மூடிய மாட்யூல் அதைத் தொட அனுமதி இல்லை. டி.கே.எம்.எஸ். கட்டாமல் நின்றது, பேக்கேஜ் நிறுவலும் பாதியில் நின்றது. பல பேர் முந்தைய கெர்னலில்தான் ஓட்டினார்கள். டெபியன் பிறகு திருத்திய டிரைவரை வெளியிட்டது.

ராஜா, இது எப்போதும் புதுப் பதிப்புக்குத் தாவும் உங்கள் ரோலிங் டிஸ்ட்ரோவில் நடந்ததில்லை. பாட்டிகூட நம்பும் டெபியன் ஸ்டேபிளில் நடந்தது.

ரோலிங்ராஜா

இது என் பக்கத்துக்குச் சேர்கிற சாட்சி சார்! மாட்யூல் மூடியிருந்ததால்தானே அனுமதி இல்லை? திறந்த டிரைவராக இருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

லேப் வாத்தியார்

பாதி சரி. 2022 மே மாதம் என்விடியாவே தன் கெர்னல் மாட்யூல்களின் மூலத்தைத் திறந்துவிட்டது, எம்.ஐ.டி. - ஜி.பி.எல். இரட்டை உரிமத்தில். புது 50 வரிசைக் கார்டுகளுக்கு அந்தத் திறந்த மாட்யூல் மட்டும்தான். ஆனால் திறந்ததாலேயே அது கெர்னல் மூலத்துக்குள் வந்துவிடவில்லை. இன்னும் டி.கே.எம்.எஸ். கட்டித்தான் ஆக வேண்டும், ஃபங்ஷன் மாறினால் உடையத்தான் செய்யும். கெர்னலுக்கு உள்ளேயே இருக்கிற, என்விடியா கார்டுக்கான நூவோ டிரைவர் டிஸ்ப்ளே காட்டும், கூடா தராது. ரிசால்வுக்கு அது உதவாது. ரஸ்ட் மொழியில் எழுதுகிற நோவா டிரைவர் 2025-ல் கெர்னல் 6.15-ல் நுழைந்திருக்கிறது, வெறும் அஸ்திவாரமாக.

கெர்னலுக்கு உள்ளே நிலையான இடைமுகம் கிடையவே கிடையாது என்று சொன்னீர்களே, அது கெர்னல்.ஆர்க் வெளியிடும் கெர்னலுக்குத்தான். ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் மாற்றாமல் காக்கும் ஃபங்ஷன்களின் பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் தொடும் மாட்யூல், கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் அப்படியே ஏறும். ரிசால்வ்காரர்கள் லினக்ஸில், ரெட் ஹாட்டை ஒத்த ராக்கி லினக்ஸைக் குறிப்பிட்டுச் சொல்வது சும்மா இல்லை. உபுண்டுவில் ஓட்டுவது நம் சொந்தப் பொறுப்பு.

கல்யாண கேமரா

பார்த்தாயா? பெரிய கம்பெனிகளே காசு வாங்கிக்கொண்டு பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நான் இலவசமாகப் பூட்டுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் திட்டம் இது. ஆடி, புரட்டாசி, மார்கழி, இந்த மூன்று மாதமும் கல்யாணம் அநேகமாகக் கிடையாது. அப்போது அப்டேட், டெஸ்ட் எல்லாம். மற்ற மாதங்களில் பூட்டு.

ரோலிங்ராஜா

ஓட்டைகள் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை அண்ணே. மார்கழி முடிந்தால் அடுத்த ஆடி வரை தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. முழுசாக ஆறு மாதம் கதவைத் திறந்து வைக்கிறீர்கள். 2024-ல் கெர்னலின் நெட்வொர்க் வடிகட்டியான என்.எஃப். டேபிள்ஸில் ஓட்டை வந்ததே, சி.வி.இ. 2024-1086, சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் (முழு அதிகாரம் உள்ளவர்) ஆகிவிடலாம் என்று? திருத்தம் வரும் வரை, 3.15-லிருந்து வந்த கெர்னல்கள் அத்தனையிலும் இருந்தது. நிஜத் தாக்குதல்களிலும் பயன்பட்டது என்று அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா தன் பட்டியலில் சேர்த்தது.

கல்யாண கேமரா

சாதாரணப் பயனர் என்றால் உள்ளே ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர்தானே? என் ஸ்டூடியோவில் நான், ஒரு அசிஸ்டென்ட். அவனுக்கு ரூட் பாஸ்வேர்டு நானே கொடுத்திருக்கிறேன்.

ரோலிங்ராஜா

அதே மெஷினில் கிளையன்ட் தரும் பென்டிரைவைச் செருகுகிறீர்கள், பிரவுசர் திறந்து ப்ரீவ்யூ ஏற்றுகிறீர்கள், எங்கிருந்தோ பிளக்இன் இறக்கிப் போடுகிறீர்கள். பிரவுசரில் ஒரு ஓட்டை, கெர்னலில் ஒரு ஓட்டை, இரண்டும் சேர்ந்தால் போதும். அசிஸ்டென்ட்டுக்கு ரூட் கொடுத்திருப்பது தனிக் கதை, அதற்கு இன்னொரு திரி திறக்கிறேன்.

லேப் வாத்தியார்

இந்த இடத்தில் ராஜா சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் சார் பூட்ட நினைப்பதற்குக் காரணமே வேறு. அவர் பயப்படுவது பாதுகாப்புத் திருத்தத்துக்கு இல்லை, கெர்னல் பதிப்பு தாவுவதற்கு. உபுண்டுவில் இந்த இரண்டும் வேறு வேறு.

24.04 வந்தபோது கெர்னல் 6.8. டெஸ்க்டாப்பில் வழக்கமாக இருப்பது எச்.டபிள்யூ.இ. (புது வன்பொருளுக்கான கெர்னல்) வரிசை. அது 24.04.2-ல் 6.11-க்கும், 24.04.3-ல் 6.14-க்கும் தாவியது. டிரைவர் உடைகிற வாய்ப்பு இந்தத் தாவலில்தான் அதிகம். 'லினக்ஸ்-ஜெனரிக்' பேக்கேஜைப் போட்டு எச்.டபிள்யூ.இ. மெட்டா பேக்கேஜை (புதுக் கெர்னலை இழுத்து வரும் பேக்கேஜை) நீக்கிவிட்டால் 6.8-லேயே இருப்பீர்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வரும். கார்டு ரொம்பப் புதிது இல்லையென்றால் இது போதும்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. உபுண்டு ஒவ்வொரு கெர்னலுக்கும் என்விடியா மாட்யூலை முன்கூட்டியே கட்டி, கையெழுத்திட்டு, பேக்கேஜாகத் தருகிறது. 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா' என்று பெயர் தொடங்கும். அதைப் போட்டால் உங்கள் மெஷினில் எதையும் கட்ட வேண்டாம், ஹெடர் தேட வேண்டாம், செக்யூர் பூட் சாவித் தொல்லையும் இல்லை. நம் ஊரில் இதற்கு இன்னொரு லாபம் உண்டு. டி.கே.எம்.எஸ். கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் யு.பி.எஸ். இல்லாதவன் பாடு திண்டாட்டம். 'டி.பி.கே.ஜி. கான்ஃபிகர்' என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

பூட்டியே தீருவேன் என்றால் இமேஜ், ஹெடர் இரண்டு மெட்டா பேக்கேஜையும் சேர்த்து 'ஏ.பி.டி.-மார்க் ஹோல்ட்' செய்யுங்கள். ஒன்றைப் பூட்டி ஒன்றை விட்டால் அதுவே புதுப் பிரச்சினை.

கல்யாண கேமரா

6.8-க்கு மாற்றிவிட்டேன், கையெழுத்திட்ட பேக்கேஜும் போட்டாயிற்று. இரண்டு மானிட்டரும் எரிகிறது. ஆனாலும் ஆவணி முகூர்த்தங்கள் முடியும் வரை ஹோல்ட் எடுக்க மாட்டேன். ராஜா கோபித்துக்கொண்டாலும் சரி.

ரோலிங்ராஜா

கோபமெல்லாம் இல்லை. உபுண்டு ப்ரோ ஐந்து மெஷின் வரை இலவசம், அதில் லைவ்பேட்ச் இருக்கிறது. கெர்னல் எண்ணை மாற்றாமல் ஓடுகிற கெர்னலிலேயே தீவிரமான ஓட்டைகளை அடைக்கும். டிரைவரைத் தொடாது. அதையாவது போடுங்கள். பூட்டுவது தப்பு என்ற என் கட்சியில் மாற்றம் இல்லை.

ஜி.டி.எக்ஸ். தம்பி

எல்லாரும் உபுண்டு பேசி முடித்துவிட்டீர்கள். நான் டெபியன் 12. வாத்தியார் சொன்னபடி பார்த்தேன், டி.கே.எம்.எஸ்.ஸில் என்விடியா கட்டப்பட்டிருக்கிறது, எண்ணும் சரி. மாட்ப்ரோப் கொடுத்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்கிறது. ஒரு நண்பன் திறந்த மாட்யூலுக்கு மாறச் சொல்கிறான்.

லேப் வாத்தியார்

மாறாதே தம்பி. திறந்த மாட்யூல் என்விடியாவின் டூரிங் தலைமுறைக் கார்டுகளிலிருந்துதான் வேலை செய்யும். உன் 1060 அதற்கு முந்தைய பாஸ்கல். மூடியதே உனக்கு வழி. பாஸ்கலுக்கு 580 வரிசைதான் கடைசி என்று என்விடியா சொல்லிவிட்டதால், அதற்கு மேல் எண் உள்ள எதையும் போட்டுப் பார்க்காதே.

சாவி விஷயம் சுலபம். டி.கே.எம்.எஸ். தன் சாவியால் கையெழுத்து போட்டிருக்கிறது, உன் போர்டுக்கு அந்தச் சாவியைத் தெரியாது. வார்-லிப் அடைவுக்குள் டி.கே.எம்.எஸ். அடைவில் 'மாக்.பப்' என்று ஒரு கோப்பு இருக்கும். 'மாக்யூடில்' கட்டளையில் 'இம்போர்ட்' கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டு. ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு கேட்கும், எழுதி வைத்துக்கொள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை வரும், பத்து வினாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டாவிட்டால் போய்விடும். மெனுவில் முதலில் நிற்பது 'கன்டினியூ பூட்'. அவசரத்தில் அதில் என்டர் தட்டிவிடாதே. அதற்குக் கீழே 'என்ரோல் மாக்'.