முனாஃபிக்கோடு போராடுவது: கேட்டதும் கண்டதும்

கீழக்கரையிலிருந்து:

ரமலானில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து, மார்க்கம் படித்த எங்கள் ஹஜ்ரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அன்று ஓதியதில் குர்ஆனின் தவ்பா சூரா (அத்தியாயம்) 73வது வசனம் வந்திருந்தது. நிராகரிப்பாளர்களோடும், உள்ளே நம்பாமல் வெளியே முஸ்லிமாக நடிக்கும் நயவஞ்சகர்களோடும் (முனாஃபிக்) போராடும்படி நபிக்கு வந்த கட்டளை. தெருப் பையன் ஒருவன் வேகமாகக் கேட்டான்: "வட்டிக்கு விட்டுட்டு தொழுகையில முதல் ஸஃப்புல நிக்கிறாரே, அவரும் முனாஃபிக்தானே ஹஜ்ரத்? பள்ளிவாசலுக்குள்ள விடலாமா?"

"வட்டி ஹராம்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கேன், இனியும் சொல்வேன். அவர் கல்புக்குள்ள, மனசுக்குள்ள, என்ன இருக்குன்னு எனக்கு அல்லாஹ்கிட்டருந்து வஹீ வராது தம்பி."

பிறகு மதீனாக் கதையை எடுத்தார். நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. அவன் கழுத்தை வெட்ட நபித்தோழர் உமர் (ரலி) அனுமதி கேட்டார்கள். முஹம்மது தம் தோழர்களையே கொல்கிறார் என்ற பேச்சு வரக்கூடாது என்று நபி (ஸல்) தடுத்துவிட்டார்கள். அவன் இறந்தபோது கஃபனிட (உடலைப் போர்த்த) தம் சட்டையைக் கொடுத்து, ஜனாஸா எனும் இறுதித் தொழுகையும் தொழுதார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தொழ வேண்டாம் என்ற அதே சூராவின் 84வது வசனம் இறங்கியதே அதற்குப் பிறகுதான். அவர்களோடு போராடுவது நாவால் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன விளக்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அடுத்த ஜமாஅத்துக்காரரை ஒரே வரியில் முனாஃபிக் ஆக்குகிறார்கள். பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நபியவர்கள் தம் தோழர் ஹுதைஃபாவிடம் (ரலி) ரகசியமாகச் சொல்லிவைத்த முனாஃபிக்குகளின் பெயர்களில் தம் பெயரும் உண்டா என்று கேட்டவர் யார்? அதே உமர்தான்!

ஏர்வாடிப் பக்கமிருந்து:

காக்கா, இதைப் படித்ததும் கருவாடு விற்கும் எங்கள் மாமி ஞாபகம்தான் வந்தது. பேசினால் பொய், வாக்குக் கொடுத்தால் மீறுவது, நம்பி ஒப்படைத்த அமானிதத்தில் மோசடி என்று முனாஃபிக்கின் அடையாளங்களைச் சொல்லும் நபிமொழி (ஹதீஸ்) புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறதே, மாமி அதைத் தராசுப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். சீலாக் கருவாட்டை நிறுக்குமுன் பலகையில் இரண்டு தட்டு. உப்பு பொலபொலவென்று உதிரும். வயிற்றுப் பிளவுக்குள் ஒட்டியதையும் விரலால் வழித்து எடுத்துவிடுவார்.

பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள், "எல்லாரும் உப்போடதானே மாமி நிறுக்கிறோம்?" என்றார்.

மாமி கை நிற்கவில்லை. "ஊரு பாக்க அஞ்சு வேளையும் தொழுதுட்டு, உப்ப மீன் விலைக்கு வித்தா, அல்லாட்ட என்னை எந்தக் கூட்டத்துலப்பா சேப்பாங்க?"