புதுப்பிப்பு: பொன்மலைத் தாத்தா

எங்கள் தாத்தா காலமானதையும், திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் அவர் பிட்டராக இருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது.

பணிமனையின் வயதை ஒருவர் கேட்டிருந்தார். நாகப்பட்டினத்தில் இருந்தது 1928-ல் பொன்மலைக்கு வந்தது. தாத்தாவின் அப்பா அதோடு வந்து குடியேறியவர்.

மற்றபடி தாத்தா வருடாவருடம் இருந்த சமயபுரம் விரதம் பற்றித்தான் நிறையக் கேள்வி. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாள், மாரியம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப்பட்டினி இருப்பாள். தளிகை, அதாவது சமைத்த படையல் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நைவேத்தியம். தாத்தாவும் அதே கணக்குதான். அந்த வெயிலில், பட்டறைச் சூட்டில், பித்தளைத் தூக்கில் மோரோடு வேலைக்குப் போவார். பாட்டி திட்டினால், "அவளே பட்டினி கெடக்கா, எனக்கென்ன?" என்பார். பேரப்பிள்ளைகள் ஒருவேளை சாப்பிடாவிட்டால் மட்டும் வீடு ரெண்டாகும்!

ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனால், ஒவ்வொரு மகள் வீட்டுக்கும் தனித்தனி மஞ்சப்பை. மூத்தவளுக்குப் பாகற்காய் ஆகாது என்பது வரை நினைவிருக்கும்.

அப்புறம், தாத்தாவின் சைக்கிள் என்னவாயிற்று என்று கேட்டவருக்கு: சின்ன மாமா எடுத்துக்கொண்டார். பிரேக் கட்டை மட்டும் மாற்ற வேண்டும்.